நோயாளிகள் இல்லாத வார்டு

11.11.2024, திங்கள்

இன்றும் வகுப்பு பாதியிலேயே முடிந்தது. மேடத்துக்குப் பல்வலியாம். போன வாரம் அவர்கள் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அதற்கு முன்பு என்ன காரணம் என்று மறந்துவிட்டது.

காலேஜ் இருக்கும் கர்நாடகப் பக்கமிருந்து எல்லை தாண்டி பஸ் பிடித்து ஓசூர் வந்து, வீட்டில் நின்றபடியே நாலு வாய் தின்றுவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் மாலை ஷிஃப்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடமாக நான் பதிவு செய்த நர்ஸ். ஆனால் டிப்ளமோ. நான் கைபிடித்து ஊசி போடச் சொல்லிக்கொடுத்த பெண் பி.எஸ்சி. என்பதால் போன வருடம் எனக்கே வார்டு இன்சார்ஜ் ஆனாள். நல்ல பெண்தான், அவள் மேல் கோபமில்லை. டிப்ளமோ நர்சுகளுக்கென்றே இரண்டு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று. முப்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த அன்றே ஏதோ உறுத்தியது. ஆபீசில் இருக்கும் கோபி என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "வேலைல இருக்கறவங்க நீங்க, டெய்லி வந்து கஷ்டப்பட வேணாங்க சிஸ்டர். பரீச்சைக்கு வந்தாப் போதும்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

படிக்க வந்தவளை வர வேண்டாம் என்று சொல்கிற காலேஜ் எப்படிப்பட்ட காலேஜ்?

தினமும் போகிறேன். பிடிவாதம்தான்.

25.11.2024

காலேஜ் ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டினார்கள். வைஸ் பிரின்சிபால் சௌந்தரராஜன் சாரே கூட வந்தார். வெள்ளைக் கட்டடம், பளபளவென்று தரை, வார்டில் வரிசையாகக் கட்டில்கள். மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. "ஓ.பி. இப்பதான் பிக்அப் ஆகுது" என்றார் சார்.

எனக்கு உறுத்தியது மெத்தை இல்லை. அங்கே நாற்றமே இல்லை. எவ்வளவு டெட்டால் ஊற்றினாலும் வார்டு என்றால் அடியில் ஒரு வாடை இருக்கும், அது போகாது. மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று விட்டு, பெட்பேன் கழுவுகிற அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தொட்டி காய்ந்து கிடந்தது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் சிலந்தி வலை.

ஒரே ஒரு மனுஷி இங்கே படுத்திருந்தாலும் அந்தத் தொட்டி ஈரமாக இருந்திருக்கும்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பாஸ்கரன் கம்பெனியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "கட்டடம் புதுசு, அப்படித்தான் இருக்கும். நீ படிக்கப் போனியா, துப்புத் துலக்கப் போனியா?" என்றார். அவர் விருதுநகர்ப் பக்கம். இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் அந்த இழுப்பு போகவில்லை. இன்னொன்றும் சொன்னார்: "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எங்கயும் குப்பை கொட்ட முடியாது, மேகலா."

இருக்கலாம். எனக்குக் கொஞ்சம் அந்தப் புத்தி உண்டுதான்.

3.12.2024

என்னைத் தவிர தினமும் வருகிறவள் லாவண்யா மட்டும்தான். கிருஷ்ணகிரிப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், ஒரு கிளினிக்கில் நர்ஸ். பஸ்ஸில் ஓசூர் வரை சேர்ந்தே வருவோம். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அப்பாவைப் பற்றி நிறையப் பேசுவாள்.

ஆனால் இடைவேளை விட்டால் ஆபீசுக்குப் போகிறாள். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று கோபி ஏதோ சொல்ல, இவள் தலையைக் குனிந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். "என்ன விஷயம்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்றாள்.

கோபியிடம் அவளுக்கு என்ன சும்மா பேச்சு?

10.12.2024

பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இந்த ஆஸ்பத்திரியில் நோயாளியே இல்லை, யுனிவர்சிட்டிக்கு ஒரு புகார் எழுதலாம் என்று பார்க்கிறேன் என்று. லாவண்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எழுதுனா என்னாகும்கா?" என்றாள். ராத்திரி வீட்டிலும் இதையே புலம்பினேன்.

12.12.2024

சௌந்தரராஜன் சார் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். காபி வந்தது. "யுனிவர்சிட்டிக்கு ஏதோ எழுதப் போறீங்களாமே" என்றார், மழை வருமாமே என்பது போல.

அப்படியெல்லாம் இல்லை சார் என்றேன். பொய். பயத்தில் வந்த பொய்.

"உங்க ஒரிஜினல் எல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு மேகலா. அதப்பத்திக் கவலையே படாதீங்க" என்றார்.

அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆபீஸ் வாசலில் தினம் நிற்கிறவள் ஒருத்திதான்.

13.12.2024

லாவண்யாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

8.1.2025

குளிர் எலும்பைத் துளைக்கிறது. பஸ்ஸில் லாவண்யா இரண்டு சீட் முன்னால் உட்காருகிறாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் போனை எடுத்துக்கொண்டேன்.

கேஸ் ஸ்டடி எழுதச் சொல்லியிருந்தார்கள். வார்டில் ஒரு நோயாளியைப் பல நாள் கவனித்து எழுத வேண்டியது. நோயாளி இல்லையே என்றால் பழைய மாதிரியைப் பார்த்து எழுதுங்கள் என்கிறார் மேடம். எல்லோரும் வெங்கடம்மா, நாற்பத்தைந்து வயது, குடல்வால் அறுவை சிகிச்சை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மனுஷிக்கு ஒரே குடல்வாலை எத்தனை முறைதான் எடுப்பார்கள்.

நான் எங்கள் ஆஸ்பத்திரியில் நான் பார்த்துக்கொண்ட ஒரு அம்மாவைப் பற்றி, பெயரை மாற்றி எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் குறைந்தது. மாதிரிப்படி இல்லையாம்.

27.1.2025

இந்த வீட்டிலும் ஏதோ ஒளிகிறது. நான் காலேஜ் பேச்சை எடுத்தாலே பாஸ்கரன் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார். இல்லை, நானாகக் கற்பனை செய்கிறேனா? முன்பும் கூட்டிக்கொண்டுதான் இருந்தாரா?

6.2.2025

வருகிற செவ்வாய் காலேஜ் அனுமதிக்கான இன்ஸ்பெக்ஷன். யாரும் லீவு போடக் கூடாது, எல்லோரும் வெள்ளை யூனிஃபார்மில் வர வேண்டும். இத்தனை நாள் வர வேண்டாம் என்றவர்கள்தான் வராவிட்டால் பரீச்சை எழுத விட மாட்டோம் என்கிறார்கள்.

இன்று மெத்தைகளின் பிளாஸ்டிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

யாரைப் படுக்க வைக்கப் போகிறார்கள்?

11.2.2025, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பிறகு யாராவது வேறு மாதிரி சொல்லி என்னையே நம்ப வைத்துவிடுவார்கள்.

காலையில் போனபோது காம்பவுண்டு முழுக்க வேன்கள். பெண்களும் ஆண்களும் டிபன் பொட்டலத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தக்காளித் தோட்டத்திலும் ரோஜாக் கூடாரங்களிலும் வேலை செய்கிற ஜனங்கள். பேச்சிலேயே தெரிந்தது, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில். எல்லோருக்கும் ஆஸ்பத்திரி உடுப்பு கொடுத்துக் கட்டிலில் ஏற்றினார்கள். எனக்குப் பெண்கள் வார்டு. கோபி கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தான். "உனுக்குக் காய்ச்சல், மூணு நாளா. உனுக்கு வயித்து வலி. கேட்டா மட்டும் சொல்லு. சும்மா இருக்காத, லேசா முனகு."

"முனகறதுக்குத் தனியாக் கூலி உண்டா சாமி?" என்று ஒருத்தி கேட்டாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜன்னலோரக் கட்டிலில் பாப்பம்மா என்று ஒரு அம்மா. ஐம்பத்தைந்து இருக்கும். கால் விரலில் மெட்டி பதிந்த தழும்பு. சீட்டில் காய்ச்சல் என்று எழுதியிருந்தது. எல்லோரும் பேச்சும் சிரிப்புமாக இருக்க, இவர் மட்டும் முனகிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்ஷன் ஆட்கள் இன்னும் வரவே இல்லை. இதென்ன, கொடுத்த காசுக்கு மேலேயே நடிக்கிறாரே என்று நினைத்தேன். "அம்மா, அவங்க வந்தப்புறம் முனகினாப் போதும்" என்றேன்.

"ஏமீ லேதம்மா" என்றார். ஒன்றுமில்லையாம். "வாயுதான். தாடை இழுக்குது."

நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

போய், போர்வையைச் சரி செய்துகொண்டே யோசித்தேன். தாடையா? காய்ச்சலுக்கு நடிக்கச் சொன்னால் தாடை எங்கே வருகிறது? அதையும் கோபி சொல்லிக்கொடுத்திருப்பானா? திரும்பிப் போய் நெற்றியில் கை வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது, உள்ளங்கை முழுக்க ஈரம். வெளியே பனி இன்னும் விலகவில்லை, மற்ற பெண்கள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாவுக்குக் காதோரம் வேர்வை வழிகிறது. முனகலாம், முகத்தைச் சுளிக்கலாம். வேர்வையை யாராலும் நடிக்க முடியாது.

நாடி தப்பித் தப்பி ஓடியது. சர்க்கரை இருக்கிறதாம்மா என்று கேட்டேன். இருந்ததாம், மாத்திரையை விட்டுவிட்டாராம். ஈ.சி.ஜி. மெஷின் வார்டில் இருந்தது, ஆனால் உள்ளே பேப்பர் இல்லை. வயர்கள் ரப்பர் பேண்டில் சுற்றியபடியே இருந்தன. சிலிண்டரைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். டாக்டர், இங்கே வாங்க என்றேன். அவர் கோபியைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது, அவரும் வேனில் வந்தவர்தான்.

சௌந்தரராஜன் சார் ஓடி வந்தார். ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கிறது, உடனே ஓசூர் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"டீம் உள்ள வந்துட்டாங்க. அரை மணி நேரம் பொறுத்துக்கங்க. அப்புறம் நானே கார்ல அனுப்பறேன்."

"அரை மணி நேரம் தாங்காது சார்."

"தாங்கலேன்னா உங்க டிகிரியும் தாங்காது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

நான் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் ஒரிஜினல், என் வயசு, பஸ்ஸில் போன காலைகள், எல்லாம் மனதில் ஓடின. வீரமாகவெல்லாம் இல்லை. நின்றேன்.

பக்கத்தில் ஆள் வந்து நின்றது. லாவண்யா. பையிலிருந்து ஆஸ்பிரின் எடுத்து, "வாயில போட்டு மென்னு முழுங்கும்மா" என்று பாப்பம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் புடிங்கக்கா" என்றாள்.

ட்ராலியில் ஏற்றித் தள்ளினோம். கோபி குறுக்கே வந்தான், லாவண்யா ட்ராலியை நிறுத்தவில்லை, அவன்தான் ஒதுங்கினான். வராண்டா முனையில் இன்ஸ்பெக்ஷன் டீம் எதிரே வந்தது. கண்ணாடி போட்ட ஒரு மேடம் கை காட்டி நிறுத்தினார். "பேஷண்ட்டை எங்க கொண்டுபோறீங்க? இது ஆஸ்பத்திரிதானே?"

பின்னாலேயே சார் நிற்கிறார் என்று முதுகுக்குத் தெரிந்தது.

"இங்க டாக்டர் இல்லைங்க மேடம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த மேடம் பாப்பம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. வழிவிட்டு, "சீக்கிரம் போங்க" என்றார்.

வாசலில் நின்ற ஆம்புலன்ஸில் டிரைவரே இல்லை. ஜனங்களைக் கொண்டுவந்த வேன் ஒன்றில் ஏற்றினோம். எல்லையில் லாரிகள் நகரவே இல்லை, டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. என் மடியில் பாப்பம்மாவின் தலை. நடுவில் கண்ணைத் திறந்து, "கேட்டா காய்ச்சல்னு சொல்லணுமாம்மா?" என்றார்.

வேண்டாம்மா, வலிக்கிறதைச் சொல்லுங்க என்றேன்.

ஓசூர் பெரியாஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டார்கள். மாரடைப்பேதான். ஊசி போட்டு, மத்தியானத்துக்குள் நாடி சீரானது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து லாவண்யாவிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் போய்ச் சொன்னே என்று. அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அழவில்லை, அசந்துபோனாள். "நான் ஆபீசுக்குப் போனது என் ஒரிஜினலக் கேக்கத்தாங்கக்கா. படிப்பே வேணாம், குடுத்துருங்கன்னு தீவாளிலருந்து கேட்டுனு இருக்கேன். குடுக்க மாட்டேங்கறான். வெளிய சொன்னா கிழிச்சிருவேன்றான். நீங்க புகார் எழுதுனா எனக்குத்தானே நல்லது? நான் எதுக்குப் போய் சொல்லப் போறேன்?"

அப்படியானால், நான் சொன்னது இன்னும் ஒரே ஒரு ஆளிடம்தான்.

12.2.2025

கேட்டேன். பாஸ்கரன் மறுக்கவில்லை.

"நான்தான் கோபிக்குப் போன் பண்ணேன். நீ எதையாவது எழுதித் தொலைச்சு, சீட்டு போயிரக் கூடாதேன்னுதான். கொஞ்சம் கூப்பிட்டுத் தன்மையாப் பேசி விடுங்கன்னு சொன்னேன். மிரட்டுவாங்கன்னு தெரியாது."

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"சொன்னா நீ என்னையச் சந்தேகப்படுவேன்னு பயம்."

உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன் — காலேஜ் வாட்ச்மேனைக்கூட. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆளை மட்டும் விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் பின்னந்தலையை இரண்டு மாதம் பஸ்ஸில் முறைத்துக்கொண்டு வந்தேனே. அதுதான் தாங்கவில்லை. இவர் செய்ததைவிட அது.

15.2.2025

இன்ஸ்பெக்ஷன் டீம் பாதகமாக எழுதிவிட்டதாம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் திட்டிக் குவிக்கிறார்கள். உன்னால் எங்கள் வருடம் போச்சு என்று. ஒருத்தி பள்ளிக்கூடம் போகிற என் பெண்ணைக்கூடச் சபித்து எழுதியிருக்கிறாள். அவளை நான் வகுப்பில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

அவர்கள் கோபமும் பொய்யில்லை. எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டே எப்படியாவது மேலே வந்துவிட நினைத்தவர்கள்தான். என்னைப் போல.

22.2.2025

பாப்பம்மாவைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நிறம் திரும்பியிருக்கிறது. என்னைக் கண்டதும் முகம் இறுகியது.

"நான் அந்தக் காலேஜுக்கு வரவே இல்லம்மா. எனக்கு வூட்டுலதான் வலி வந்துச்சு" என்றார்.

அம்மா, நான்தானே ட்ராலி தள்ளினேன், என்னை ஞாபகமில்லையா என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. சாட்சி சொல்லக் கூப்புடாத. என் புள்ள அவுங்க வேன்தான் ஓட்டுறான்."

ஆரஞ்சை வாங்கிக்கொள்ளவும் பயந்தார். அதில் என்ன கையெழுத்து இருக்கப்போகிறதோ என்பது போல அந்தப் பையைப் பார்த்தார். கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க என்று சொல்லி வந்துவிட்டேன். தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன். பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

5.4.2025

காலேஜுக்கு அனுமதி இல்லை என்று வந்துவிட்டது. எங்கள் வருடம் செல்லாது. அவ்வளவும் வீண்.

லாவண்யா, நான், இன்னும் சிலர் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். பாஸ்கரன் லீவு போட்டுவிட்டு வந்தார். நான் கூப்பிடவில்லை. எழுதிக் கொடுக்கும்போது எஸ்.ஐ. "மிரட்டினதுக்கு யாராச்சும் சாட்சி இருக்காங்களா?" என்று கேட்டார். "நான் இருக்கேன் சார். அவங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னதே நான்தான்" என்றார் இவர். எல்லோர் முன்னாலும். காது சிவந்துபோயிருந்தது.

19.4.2025

ஒரிஜினல் வந்துவிட்டது. கோபி நிமிர்ந்து பார்க்காமல் கொடுத்தான். லாவண்யா வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேற காலேஜ் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"எனக்கு இது போதுங்கக்கா" என்றாள். பெங்களூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் சேரப்போகிறாளாம். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "உடுங்கக்கா, உங்க எடத்துல நானும் அப்பிடித்தான் நெனச்சிருப்பேன்" என்றாள்.

9.9.2025

மறுபடி முதல் வருடம். இந்த முறை கிருஷ்ணகிரிப் பக்கம். போவதற்கே ஒன்றரை மணி நேரம். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்தார்கள். ஏன் இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டு வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

17.11.2025, திங்கள்

முதல் வார்டு போஸ்டிங். அரசு ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு. உள்ளே நுழையும்போதே அந்த வாடை முகத்தில் அடித்தது. ஒரு கட்டிலில் இரண்டு பேர், கீழே பாயில் ஒருத்தி, கால் வைக்க இடமில்லை.

எனக்குக் கொடுத்தது பாரூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. கரும்புக் காட்டில் வேலை, பித்தப்பையில் கல். வலது பக்கம் லேசாக அழுத்தினேன். முனகினார். என்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "நெஜமாவே வலிக்குதாம்மா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வலிக்காம இங்க வந்து படுத்துனு இருக்க எனக்கென்ன கிறுக்கா? ஊட்ல மாட்டப் புடிச்சிக் கட்ட ஆளில்ல. நெஜமாவாம், கேக்கறா பாரு கேள்வி." பக்கத்துக் கட்டிலிலிருந்தும் சிரித்தார்கள்.

தப்புத்தாம்மா என்று சொல்லிவிட்டு, தலையணையைச் சரிசெய்து, டாக்டரைக் கூப்பிடப் போனேன். உள்ளே இருந்தார். கூப்பிட்டதும் எழுந்து வந்தார்.